தீனா நடத்திய மின்காந்த வகுப்பு

தீனாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. ராயபுரத்தில் ஒரு பி.எட். கல்லூரியில் நான் பேராசிரியை, அவன் என் மாணவன். "சொல்லிக்கொடுக்காதீங்க, பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்" என்று வருஷம் முழுக்கக் கத்துவேன். "அதையும் நீங்க சொல்லித்தானே குடுக்கறீங்க மேடம்" என்று தீனா ஒருநாள் கேட்டான். நல்ல திட்டு வாங்கினான்.

கொருக்குப்பேட்டைப் பையன். போன வருஷம், பள்ளியில் பாடம் நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வில் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டுத் தோற்றான். இந்தத் தடவையும் தோற்றால் கம்பெனி வேலைக்குத்தான் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார்.

இந்த வருஷத் தேர்வு திருவொற்றியூரில் ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பில். வெளித்தேர்வாளரும் நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். கல்லூரி ஆய்வகத்தில் இருந்த பழைய கம்பியில்தான் தீனா பழகியிருந்தான். எல்லாப் பிள்ளைகளும் செய்து பார்க்கட்டும் என்று, தேர்வுக்குப் புதுக் கம்பி வாங்கி வந்திருந்தான். பிள்ளைகள் ஆணியில் கம்பியைச் சுற்றி பேட்டரியோடு சேர்த்தார்கள். ஒரு குண்டூசிகூட அசையவில்லை.

"இன்னா சார், புடிக்கவே மாட்டேங்குது."

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. புதுக் கம்பிமேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். ரெண்டு முனையையும் சுரண்டாவிட்டால் கரண்ட் பாயாது. பழைய கம்பியை யாரோ எப்போதோ சுரண்டி வைத்திருந்தார்கள், பாவம், இவனுக்கு அது தெரியாது. "சுரண்டுடா" என்று ஒரே வார்த்தை. சொல்லிவிட்டால் அவன் தேர்வு அங்கேயே முடிந்தது. பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தேர்வாளர் ஏதோ எழுதினார்.

"சார், எங்களுது புடிக்குது" என்றாள் ஜெரினா என்ற பெண்.

தீனாவின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "உங்களுது ஏன் புடிக்கலன்னு எனக்கும் தெரியலப்பா. ஜெரினாவோடதுல இன்னா வித்தியாசம் கீதுன்னு எல்லாரும் போய்ப் பாருங்க" என்றான்.

கூட்டம் அவள்மேல் சாய்ந்தது. ஒருவன் தன் பேட்டரியை மாற்றிப் பார்த்தான், ஒருத்தி ஆணியை மாற்றினாள். பலனில்லை. கடைசியில் ஒரு பெண், ஜெரினாவின் கம்பி முனைகள் மட்டும் பளபளப்பதைக் கண்டாள். கோணலை நிமிர்த்த ஜெரினா ரெண்டு முனையையும் சிமெண்ட் தரையில் தேய்த்திருந்தாள். அவ்வளவுதான், வகுப்பே தரையில் உட்கார்ந்து தேய்த்தது. ஒவ்வொரு ஆணியிலும் குண்டூசிகள் தொங்கின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேர்வாளர் அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "தெரியாம வகுப்புக்கு வரலாமா தம்பி?"

"தப்புதான் சார். புதுக் கம்பியில செஞ்சு பாத்துட்டு வந்திருக்கணும். ஆனா தெரிஞ்சிருந்தா, நானே எல்லாத்தையும் சொரண்டிக் குடுத்திருப்பேன். அதுங்க சும்மா பாத்துகினு இருந்திருக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து யாரோ "சார்" என்று கூப்பிட, மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினான். ரெண்டு பேட்டரி போட்டால் ஆணி எத்தனை ஊசி தூக்கும் என்று அங்கே பெரிய சண்டை.

"பாஸ்னு பையன்கிட்ட சொல்லிடலாமா?" என்று தேர்வாளர் கேட்டார்.

நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். தரையில் முட்டி போட்டுப் பிள்ளைகளோடு ஊசி எண்ணிக்கொண்டிருந்தான். நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இப்ப வேணாம் சார். கிளாஸ் நடக்குது" என்றேன்.