முதலாளி வேலையை விட்ட நாள்

"பாதுகாப்பை மேம்படுத்துவோம்னு போன வருஷமும் எழுதியிருக்கீங்க, அதுக்கு முந்தின வருஷமும் எழுதியிருக்கீங்க" என்றார் முதலாளி. "மேம்படுத்துறதுன்னா எவ்வளவு? ஒரு முழமா, ரெண்டு முழமா?"

பெயிண்ட் கம்பெனியின் கூட்ட அறை அது. ஜன்னலை எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் தின்னர் வாசனை போகாது. இதுவரை செய்த வெள்ளைகளையெல்லாம் சுவரில் கட்டம் கட்டமாகப் பூசி வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டம்தான் 'பால்நுரை'. அந்த வெள்ளையைச் செய்து முடிக்க இரண்டு வருஷம் பிடித்தது. திருட்டுப் போக ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. வேலையை விட்டுப் போன ஒரு விற்பனையாளர், செத்துப் போயிருக்க வேண்டிய கார்டைக் காட்டி உள்ளே வந்து, மாறாத கடவுச்சொல்லைப் போட்டுக் கலவைக் குறிப்பைப் படித்துவிட்டுப் போய்விட்டார். இப்போது போட்டிக் கம்பெனி டப்பாவிலும் அதே நுரை.

அதனால்தான் எல்லார் கண்ணும் பூட்டக்கா மேல் இருந்தது. யாருக்கு எந்தக் கதவு திறக்கலாம், எந்தத் திரை திறக்கலாம் என்று பார்ப்பது அவள் பிரிவு. பூட்டக்கா என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட ஆரம்பித்து, இப்போது முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள்.

"ஒரு மணி நேரம்" என்றாள் அவள்.

"என்ன ஒரு மணி நேரம்?"

"ஒருத்தர் வேலையை விட்டா, ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் அவருக்கு இங்க எதுவும் திறக்கக் கூடாது சார். வாசல் கதவுலேர்ந்து கம்ப்யூட்டர் வரைக்கும். திறந்தா தோத்தோம், திறக்கலைன்னா ஜெயிச்சோம். முழம் போட்டுப் பார்க்க வேண்டியதில்ல."

"இப்ப எவ்வளவு ஆகுது?"

கேட்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்த கேள்வி. "சராசரியாப் பதினோரு நாள்."

யாரோ இருமினார்கள். முதலாளி முன்னால் கிடந்த தடித்த காகிதக் கட்டைத் தட்டினார். வெளிக் கம்பெனி ஒன்று அனுப்பியது. பாதுகாப்பு மொத்தத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், பூட்டக்காவின் மூன்று பேர் கொண்ட பிரிவு இனித் தேவைப்படாது என்றும் அதில் பணிவாக எழுதியிருந்தது.

"மூணு மாசம் தர்றேன்மா. அப்புறம் ஒரு நாள், நான் காட்டுற ஆள் வேலையை விட்ட மாதிரி ஒரு சோதனை. ஜெயிச்சா உங்க பிரிவு இருக்கும். தோத்தா இவங்க வருவாங்க."

"சரி சார்" என்று சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மனிதவளப் பிரிவுத் தலைவி பேனாவை மூடிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அகலக்கால் வைக்கிறீங்க மேடம்."

அந்த மனிதவளத் தலைவி அவளுடைய நாத்தனார். அலுவலகத்தில் 'மேடம்', வீட்டில் 'அண்ணி'. கோபம் வந்தால் இரண்டும் இடம் மாறிவிடும்.

அன்று சாயங்காலம் வீட்டில் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு நாள்ல பத்து நாள் உன்னோடதும்மா" என்றாள் பூட்டக்கா. "மாசக் கடைசியில சம்பளம் போடறப்பதான் இன்னார் போயிட்டார்னு எனக்குச் சொல்லி அனுப்புறே. போனவன் அதுக்குள்ள வேற ஊர்ல வீடு பார்த்துக் குடியேறிடுறான்."

"ஆமா மேடம், எல்லாம் என் தப்புதான் மேடம்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் ஒருத்திக்கு அண்ணன், இன்னொருத்திக்குப் புருஷன். 'மேடம்' என்று காதில் விழுந்ததும் பேப்பரோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

"நான் சண்டைக்கு வரல. போறேன்னு ஒருத்தர் சொன்ன உடனே எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

"உடனேன்னா? அவர் என் எதிர்ல கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பார். நான் ஆறுதல் சொல்லிக்கிட்டே இன்னொரு கையால உங்களுக்குப் போன் போட்டு, இவருக்குக் கதவைச் சாத்துங்கன்னு சொல்லணுமா? மனுஷத்தன்மை வேண்டாமா அண்ணி?"

'அண்ணி' திரும்பி வந்துவிட்டதே என்று பூட்டக்காவுக்கு மூச்சு வந்தது. "பால்நுரை போனப்ப யாரை யாரையெல்லாம் சந்தேகப்பட்டாங்க, ஞாபகம் இருக்கா? பழைய ஆளுங்க பன்னெண்டு பேரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. அதுல பதினோரு பேர் நிரபராதி. அன்னிக்கே கதவைச் சாத்தியிருந்தா, அவங்க மேல ஒரு பார்வை விழுந்திருக்குமா? சாத்துறது அவங்களுக்கும் காவல்தான்."

நாத்தனார் ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தாள். "சரி. கடைசிக் காகிதத்துல கையெழுத்து வாங்கின கையோட அனுப்புறேன். அதுக்கு முன்னாடி இல்ல."

"அது போதும்."

போதுமானதாகத்தான் இருந்தது. அடுத்து ஓட்டுநர் ஒருவர் விலகியபோது இரண்டு நாள் ஆயிற்று. கணக்குப் பிரிவில் ஒரு பெண் விலகியபோது அரை நாள். அதற்கடுத்த ஆளுக்கு ஒன்றரை மணி நேரம். பூட்டக்காவின் பிரிவில் மற்ற இருவர், கதவுகளுக்கு ஒயர் இழுக்கும் கம்பிக்காரரும், நாள் முழுக்கப் போனில் பதில் சொல்லும் ரேடியோ என்ற பெண்ணும்தான். ஒன்றரை மணி என்று கேட்ட அன்று ரேடியோ முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றாள்.

சோதனை நாள் வந்தது. யாரை வேலையை விடச் சொல்வார் என்று கேன்டீன் முழுக்க ஒரே ஆரூடம். கிடங்கில் ஒருவர் என்றார்கள், புதிதாகச் சேர்ந்த பெண் என்றார்கள். பத்து மணிக்குப் பூட்டக்காவின் திரையில் செய்தி விழுந்தது.

விலகியவர் என்ற இடத்தில் 'நிர்வாக இயக்குநர்' என்றிருந்தது. முதலாளியேதான்.

உடனே போனை எடுத்தாள். "ஏம்மா, விளையாட இதுதானா நேரம்?"

"விளையாடல அண்ணி" என்றாள் நாத்தனார், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. "எதிர்லதான் உக்காந்திருக்கார். கையெழுத்துப் போட்டாச்சு. ஆறுதல் சொல்ல மாட்டீங்களான்னு கேக்குறார்."

கம்பிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "முதலாளி கதவை நான் சாத்தினா, என் வீட்டு அடுப்பை யாருக்கா பத்த வைப்பாங்க?"

"அவர் விலகிட்டார். விலகினவருக்குச் சாத்தணும். அதுல முதலாளி, தொழிலாளின்னு ரெண்டு விதி நான் எழுதல." சொல்லும்போதே அவள் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. கார்டு செத்தது. மின்னஞ்சல் மூடியது. கணக்கு, கிடங்கு, கலவைக் குறிப்பு என்று ஒவ்வொன்றாகச் சிவப்பானது. பல வருஷமாகத் தட்டிக்கூடப் பார்க்கப் பயந்த கதவுகளைப் படபடவென்று சாத்தும்போது வந்த குதூகலத்தில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "முடிஞ்சது. பாதி நேரம்கூட ஆகல."

அப்போது ரேடியோவின் போன் அடித்தது. அதை வைப்பதற்குள் இன்னொன்று. பிறகு மேஜையில் இருந்த எல்லாமே.

"எடைமேடை நின்னுடுச்சாம்க்கா. வாசல்ல லாரி வரிசை கட்டுது."

"கிடங்குத் திரை இருட்டாயிடுச்சாம்."

"கலவைக் கூடத்துல தொட்டி சுத்தறது நின்னுபோச்சாம். மேஸ்திரி கத்துறார்."

பூட்டக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. "அடப்பாவிகளா. எல்லாரும் முதலாளி பேர்லயே உள்ள போய்க்கிட்டிருந்திருக்காங்க."

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியின் செயலாளர் வந்தார். எப்போதும் அவர் பின்னாலேயே போவதால் அவருக்கு நிழல் என்று பேர். "உடனே திறந்து விடுங்க. எனக்கு ஒரு வேலையும் ஓடல."

"சோதனை முடியற வரைக்கும் அவர் இங்க வேலையில இல்ல."

"அப்ப நான் யாரோட நிழல்?"

"உங்க பேர்லயே உங்களுக்கு ஒரு பாஸ்வேர்டு குடுத்தேனே, அது எங்க?"

"அதை யார் ஞாபகம் வெச்சிருக்கா? சாரோடது சுலபம். அவர் பேத்தியோட செல்லப் பேர்."

போனில் மேஸ்திரியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பூட்டக்கா, தொட்டி முழுக்கப் பால்நுரை. இன்னும் கொஞ்ச நேரம் சுத்தாம நின்னா மேல ஏடு படிஞ்சிடும். அப்புறம் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். ஒரே ஒரு நிமிஷம் சார் பேரைத் திறந்து விடுங்க."

ஒரே ஒரு தட்டு. தட்டினால் தொட்டி சுற்றும், லாரி நகரும், அவள் பிரிவு போய்விடும். தட்டாமல் பெயிண்ட் இறுகிப் போனாலும் பிரிவு போய்விடும். கம்பிக்காரர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேர்ல திறந்து விடறேன் மேஸ்திரி."

"என் பேர்ல போனா நாலு கதவுதான் திறக்கும். அவர் பேர்ல போனா நாப்பதும் திறக்குமே."

"உங்களுக்கு வேண்டியது நாலுதானே." போனை வைத்துவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். "அங்க ஆறுதல் சொன்னது போதும், கலவைக் கூடத்துக்கு ஓடி வா. ஆளைப் பார்த்து இவர் இவர்தான்னு நீ சொல்லு. நீ சொன்ன ஆளுக்கு நான் திறக்கிறேன். கம்பிக்காரரே, நீங்க எடைமேடைக்குப் போங்க. ரேடியோ, யார் என்ன கெஞ்சினாலும் முதலாளி பேரைத் திறக்காதே."

ஓடினார்கள். பூட்டக்கா மடிக்கணினியோடு முதலில் கலவைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியில் மனிதவளத் தலைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி யாரும் பார்த்ததில்லை. டின் அடுக்குகளுக்கு நடுவே வழி கேட்டு, சிந்திக் கிடந்த நீலத்தில் கால் வைத்து, கூடத்துக்குள் மூச்சிரைக்க வந்து நின்றாள். "இவர் மேஸ்திரி, எனக்குத் தெரியும். திறங்க அண்ணி. இது அவரோட தம்பி, கலவையில இல்ல, பேக்கிங். அவருக்கு வேண்டாம். நீங்க யாரு? முகமூடியைக் கழட்டுங்க. சரி, இவரும் நம்ம ஆள்தான்."

மேஸ்திரி பெயிண்ட் விரலால் தன் பேரை எழுத்து எழுத்தாகத் தட்டினார். திரை பச்சையானது. தொட்டி ஒரு முறை முனகி, மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஏடு படியவில்லை. வெள்ளை வழவழவென்று மடிந்து மடிந்து சுழன்றது. வாசல் பக்கம் முதல் லாரி நகரும் சத்தம் கேட்டதும் நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "செஞ்சுட்டோம். கடவுளே, செஞ்சுட்டோம் அண்ணி."

கொடுத்த நேரம் முடிந்ததும் முதலாளி தன் செத்துப் போன கார்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கிடங்குக் கதவில் காட்டினார், சிவப்பு. ஆய்வுக் கூடத்தில் சிவப்பு. தன் அறையிலேயே சிவப்பு. கடைசியாக வெளியே போய்ச் சாலையில் நின்று வாசல் கருவியிலும் காட்டிப் பார்த்தார். சற்று நேரத்தில் கூட்ட அறைக்குள் வேகமாக வந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் கோபத்தில் அல்ல.

"ஒரு கதவும் திறக்கல. சொந்தக் கம்பெனியில என்னை ஒரு கதவும் மதிக்கல. ஜெயிச்சுட்டீங்கம்மா."

எல்லாரும் கை தட்டினார்கள். பூட்டக்காவும் கையை எடுத்தாள், தட்டாமல் அப்படியே நின்றுவிட்டாள். "சார், வாசலுக்கு வெளியே போய்க் காட்டினீங்க. சிவப்பு எரிஞ்சதைத் திரையில பார்த்தேன். அப்புறம் உள்ள எப்படி வந்தீங்க?"

மேஜைக்குக் கீழே நாத்தனார் அவள் காலை மிதித்தாள்.

முதலாளி யோசித்தார். "வாட்ச்மேன் திறந்தார். வணக்கம் வெச்சார். நான் வந்துட்டேன்." சொல்லிவிட்டுத்தான் அவருக்கே புரிந்தது. வாழ்நாள் முழுக்கத் தனக்காகத் திறந்த கதவை அவர் கதவென்றே எண்ணியதில்லை.

"அப்ப ஒண்ணு திறந்திருக்கு" என்றாள் பூட்டக்கா. "திறந்தா தோத்தோம்னு நான்தான் சொன்னேன். வாட்ச்மேனுக்குச் செய்தி போகணும்னு எனக்குத் தோணல. தோத்தோம் சார்."

"அண்ணி" என்று நாத்தனார் அலுவலகம் என்பதையும் மறந்து முனகினாள்.

முதலாளி அந்தத் தடித்த கட்டைப் பார்த்தார். "இதுல ஒரு முடிவு எடுத்து சிஸ்டத்துல பதியணும். ஆனா நான் வேலையில இல்லையே. நீங்கதான் உள்ள விடணும்."

என்ன பதியப் போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "முதல்ல ஆள் யார்னு உறுதி செய்யணும்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பேரு? வேலை? ஏற்கெனவே எங்க வேலை பார்த்தீங்க? ஏன் விட்டீங்க?"

"போதும்மா."

"புதுப் பாஸ்வேர்டு போடுங்க சார்" என்றாள் பூட்டக்கா. "பேத்தி பேர் கூடாது."

அவர் காதுவரை சிவந்தார். நிழல் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கம் பாருய்யா" என்றார். கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தட்டினார். பச்சை எரிந்தது. வெளிக் கம்பெனியின் பக்கத்தைத் தேடித் திறந்து, 'வேண்டாம்' என்பதில் கையை வைத்து அழுத்தினார்.

"தோத்ததை அவங்க எனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. கை தட்டினதோட பில்லையும் நீட்டியிருப்பாங்க" என்றார். "அடுத்த சோதனைக்கு அரை மணி. வாட்ச்மேனோட சேர்த்து. முடியுமா?"

"அகலக்கால் வைக்காதீங்க" என்று நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"முடியும் சார்" என்றாள் பூட்டக்கா.

மறுநாள் காலை கம்பெனி வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. அண்ணியும் நாத்தனாரும் மாடி ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே வாட்ச்மேன் ஒரு கையால் வணக்கம் வைத்தபடி, மறு கையைக் கார்டுக்காக நீட்டிக்கொண்டு நின்றார். முதலாளி சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். பின்னால் லாரிகள் சேர ஆரம்பித்தன.

"பாவம் அண்ணி. திறக்கச் சொல்லவா?"

"பொறு" என்றாள் பூட்டக்கா, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு. "தேடட்டும்."