பாசிலைக் கேட்காமல்

பாசிலின் வலது கையில் முதலில் செயலிழந்தது சுண்டுவிரல். நரம்பு நோய் என்றார்கள் சென்னை மருத்துவர்கள். மெல்ல மெல்ல உடம்பு முழுக்கப் பரவும், குணப்படுத்த வழியில்லை என்றும் சொன்னார்கள். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் அம்மா உம்முசல்மாவோடும் தங்கை நஸ்னீனோடும் இருந்தான். புடவைக்கு வரைந்த டிசைனைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தறிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு புரோகிராமை பைத்தான் மொழியில் அவனே எழுதியிருந்தான். டிசைனர் இளவரசன் படங்களைக் கொண்டுவருவான். பாசில் மாற்றிக் கொடுப்பான். அந்தப் புரோகிராமில் அழுத்துவதற்குப் பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே வரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். படத்தின் பெயர், இழைக் கணக்கு, எத்தனை நிறம், இரண்டாவது பார்டரைத் திருப்பிப் போடுவதா இல்லையா என்று நீளும். ஒவ்வொன்றின் முன்னாலும் இரண்டு சிறு கோடுகள். ஒரு கோடு விட்டுப்போனாலும் தப்பு என்று சொல்லி நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அதே வரியைத் திரும்பத் திரும்ப அடிப்பதை நஸ்னீன் பார்த்தாள். அவளும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள்தான்.

"குடுண்ணா, நான் அடிக்கிறேன்."

"நாளைக்கு நீ பஸ் ஏறிப் போயிடுவே. அப்புறம் யாரு அடிப்பா?"

அவள் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். அடித்த வரியைத் துண்டு துண்டாக வெட்டி, எது எதற்கு உரியது என்று பிரிக்கும் வேலைக்கே அவன் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். இதற்கென்றே வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, ஒரு லைப்ரரி, இருந்தது. செய்ய வேண்டிய வேலையை மட்டும் ஃபங்ஷன் என்னும் ஒரு தனித் துண்டாக எழுதி, அதற்கு என்னென்ன வேண்டும், எது எண், எது எழுத்து என்று குறித்துவிட்டால் போதும். வெட்டுவது, சரிபார்ப்பது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அவன் எழுதியதில் பெரும்பகுதியை அவன் கண்ணெதிரிலேயே அவள் அழித்தாள்.

"இதுக்கா நான் இவ்ளோ எழுதிக்கினு கெடந்தேன்?" என்று பாசில் சிரித்தான். அந்த வருஷம் அவன் அப்படிச் சிரித்தது குறைவு.

பிறகு அவன் வழக்கமாகக் கொடுக்கும் விடைகளையெல்லாம் உள்ளேயே வைத்துவிட்டாள். படத்தின் பெயரை மட்டும் அடித்தால் போதும் என்று ஆயிற்று. மழைக்காலம் வந்தபோது அசையும் விரல்கள் என்று இடது கையில் இரண்டுதான் மிச்சமிருந்தன. அவள் இன்னும் குறைத்தாள். ஒரே ஒரு எழுத்து. கடைசியாக வந்த படத்தை அது தானாகவே எடுத்துக்கொள்ளும். அவன் எப்போதும் ஒரே மாதிரி விடை கொடுத்த ஆப்ஷன்களை அடியோடு எடுத்துவிட்டாள்.

ஒருநாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது அவன் திரையை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நாக்கும் குழறத் தொடங்கியிருந்தது.

"இளவரசன் வந்தான். ரெண்டு பார்டர்லயும் அன்னம் ஒரே பக்கம் பாக்கணுமாம். திருப்பக் கூடாது. புரோகிராம்ல அத எங்க சொல்றதுன்னே தெரியல. வேற ஆள்கிட்ட குடுத்துக்கிறேன்னு எடுத்துக்கினு போயிட்டான்."

"நீ எப்பவும் திருப்பித்தானேண்ணா போடுவே? அதான் எடுத்துட்டேன்."

"எப்பவும் போட்டா? என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"ஜீனத் வீட்லயும் இப்படித்தான் பண்ணீங்க."

ஜீனத் அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். நோய் இன்னதென்று தெரிந்த வாரமே, மாப்பிள்ளைக்கு விருப்பமில்லை என்று உம்முசல்மா அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண்ணின் நல்லதுக்குத்தான் என்று நினைத்தாள். நஸ்னீனுக்கும் அது தெரியும். பாசில் இதுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. அவனும் அதையே நினைத்திருப்பான் என்று அம்மாவும் மகளும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே நஸ்னீன் அந்த ஆப்ஷனைத் திரும்பச் சேர்த்தாள். தானாக முடிவு செய்யாமல், திருப்பட்டுமா வேண்டாமா என்று கேட்டுவிட்டு, அவன் ஒரு விரலால் சொல்லும்வரை காத்திருக்கும்படி எழுதினாள். முடித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஜீனத்தை வரச் சொல்லட்டுமாண்ணா?"

"சொல்லு" என்றான்.

ஜீனத் தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி, ஊர் முழுக்க நிக்காஹ் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. நாற்காலியில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தவனைப் பார்த்து அவள் வாசலருகிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்கதான் வேணான்னீங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"நான் சொல்லல."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தாலும் கடைசில வேணான்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான் பாசில். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. "ஆனா அதை நானே உங்கிட்ட சொல்லியிருப்பேன்மா. அழாதே. நல்லா இரு."

ஜீனத் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணி அவள் தோளைப் பிடித்து மெல்ல அழைத்துப்போனாள். அடுப்படியில் நின்ற உம்முசல்மா டீயை ஊற்றி வைத்துவிட்டு, அதை வெளியே கொண்டுவர முடியாமல் அங்கேயே நின்றாள்.

அதற்குப் பிறகு இளவரசன் மறுபடி படங்கள் கொண்டுவந்தான். பாசில் சிலவற்றை மாற்றியும் கொடுத்தான். பனிக்காலம் முடிவதற்குள் விரல்கள் முழுதாக நின்றன. பிறகு மூச்சு தடுமாறியது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நஸ்னீன் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனான்.

ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துப்போன பிறகு வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். உம்முசல்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதுன்னுதான்மா செஞ்சேன்."

"தெரியும்மா" என்றாள் நஸ்னீன். "நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்."