டான் எவாரிஸ்டோவின் சுக்கான்

எங்கள் மாதிரிப் படகுக் கழகத்தின் தலைவர் டான் எவாரிஸ்டோவைக் 'கேப்டன்' என்று அழைத்தால் மறுக்க மாட்டார். பரானா ஆற்றுப் பயணிகள் கப்பலில் அவர் வேலை பார்த்தது உண்மை. சமையலறைக்கு வெங்காயம் வாங்கும் பிரிவில் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை அவர் முன் யாரும் எடுப்பதில்லை.

அந்த ஞாயிறு மாலை பூங்கா இயக்குநர் மிர்த்தா பொன்ஃபாந்தி நாங்கள் படகு விடும் ஏரிக்கு வருவதாக இருந்தது. போன மாதம் எங்கள் ரிமோட் விசைப்படகு ஒன்று மிதி அன்னத்தில், அதாவது குடும்பங்கள் ஏறி மிதித்துப் போகும் பிளாஸ்டிக் அன்னத்தில், மோதி ஒரு பெரிய மனிதரின் ஐஸ்கிரீம் தண்ணீரில் விழுந்துவிட்டது. "இன்னொரு அன்னத்தை இடிச்சா ஏரிய மறந்துடுங்க" என்று அம்மையார் சொல்லியிருந்தார். ஏரி போனால் என் ஞாயிற்றுக்கிழமைகளை மாமியார் வீட்டில்தான் கழிக்க வேண்டும். ஆகவே எனக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இயக்குநருக்குத் தன் இழுவைக் கப்பலை ஓட்டிக் காட்டப் போவதாக டான் எவாரிஸ்டோ அறிவித்திருந்தார். சேவல் கொண்டைச் சிவப்பில், புகைபோக்கி வைத்த, கைக்கு அடக்கமில்லாத கப்பல். அன்று காலை கழகக் கொட்டகையில் அதைத் திறந்து காட்டினார். உள்ளே சர்வோ என்கிற சின்ன மோட்டார். அதன் உச்சியில் இருபுறமும் நீண்ட ஒரு பிளாஸ்டிக் கை. கையின் ஒரு முனையில் மாட்டிய கம்பி பின்னால் போய்ச் சுக்கானைத் திருப்பும். ரிமோட்டில் குச்சியை வலப்பக்கம் தள்ளினார். சுக்கான் இடப்பக்கம் திரும்பியது.

"டான் எவாரிஸ்டோ, தலைகீழா இருக்கே" என்றாள் நெலிடா. பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் எல்லாருடைய படகுக்கும் கம்பி வளைப்பவள் அவள்தான்.

"தலைகீழா? அம்மணி, நெசமான படகுல சுக்கான் பிடிய இந்தப் பக்கம் தள்ளுனா படகு அந்தப் பக்கம் போகும். அதான் மாலுமி மரபு. நான் வேணும்னேதான் இப்படி மாட்டிருக்கேன்."

"ஆனா கையில இருக்கறது ரிமோட்டாச்சே?"

"மாலுமிக்கு எல்லாம் சுக்கான்தான்."

தவறாக மாட்டிவிட்டு அதற்கு ஒரு மரபைக் கண்டுபிடிப்பது எங்கள் தலைவரின் தனித்திறமை.

மதியம் இறைச்சி சுட்டோம். மூன்று பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டுவிட்டு டான் எவாரிஸ்டோ கொட்டகை வாசலில் கித்தான் நாற்காலியில் சாய்ந்தார். குறட்டை வந்தது. நெலிடா மாத்தே என்கிற எங்கள் ஊர் மூலிகைத் தேநீருக்கு வெந்நீர் வாங்கப் போனாள். நான் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நழுவி, கம்பியைச் சர்வோ கையின் இந்த முனையிலிருந்து கழற்றி அந்த முனையில் மாட்டினேன். இனி வலம் என்றால் வலம். சோதித்துப் பார்க்கவில்லை, சர்வோ 'கீ' என்று கத்தினால் தலைவர் விழித்துவிடுவார். நெலிடாவிடமும் சொல்லவில்லை. நெலிடாவுக்குத் தெரிந்தால் அக்கரை வரை தெரியும்.

பிறகு நான் அடுப்புக் கரியை அணைக்கப் போனேன்.

மாலையில் இயக்குநர் வெள்ளைக் காலணியில் வந்தார். டான் எவாரிஸ்டோ தொப்பியைச் சரிசெய்து, கப்பலைத் தண்ணீரில் இறக்கி, குச்சியை வலப்பக்கம் தள்ளினார்.

கப்பல் இடப்பக்கம் திரும்பியது.

நெலிடாவைப் பார்த்தேன். அவள் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"நீ எதையாவது தொட்டியா?" என்று காதோரம் கேட்டாள்.

"கம்பிய அந்தப் பக்கம் மாத்துனேன். நீ?"

"ரிமோட்டுல திசை மாத்தற ஸ்விட்சத் தட்டி விட்டேன், நீ அடுப்பாண்ட போனப்ப."

"அடிப்பாவி! ரெண்டு தடவை திருப்புனா பழையபடிதானே!"

"கத்தாத. அங்க பாரு."

டான் எவாரிஸ்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். மிதவைகளைச் சுற்றி, அன்னங்களுக்கு நடுவே புகுந்து, வாத்துக் கூட்டத்துக்கு ஒதுங்கி வழிவிட்டு, வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனார். பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் பல வாரமாக இப்படியே தலைகீழாக ஓட்டிப் பழகியிருக்கிறார் மனிதர். எங்களில் ஒருவர் மட்டும் உதவி செய்திருந்தால் முதல் அன்னத்திலேயே கதை முடிந்திருக்கும்.

கப்பல் இயக்குநரின் காலடிக்கு நேராக வந்து நின்றது. அம்மையார் கை தட்டினார்.

"நான் ஒரு தடவை ஓட்டலாமா, கேப்டன்?"

"தாராளமா, அம்மணி."

நான் பாய்ந்தேன். "மேடம், பேட்டரி கொஞ்சம் வீக்கா இருக்கு..."

"தம்பி, நான் இந்த ஊர் டிராஃபிக்குல ஸ்கூட்டர் ஓட்டறவ. கொஞ்சம் தள்ளுங்க."

எதிரே இடப்பக்கமாக ஓர் அன்னம் வந்தது. அதில் ஒரு ஜோடி, ஒரே ஐஸ்கிரீமை மாறி மாறி நக்கிக்கொண்டு. இயக்குநர் புத்தியுள்ள எவரும் செய்வதைச் செய்தார்: குச்சியை வலப்பக்கம் தள்ளினார். கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது. பதறி, இன்னும் வலப்பக்கம் தள்ளினார். கப்பல் அன்னத்தின் மார்பில் 'டமார்' என்று மோதியது. ஐஸ்கிரீம் பறந்தது.

இயக்குநர் ரிமோட்டைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், கடைசியில் எங்களைப் பார்த்தார்.

"திடீர்னு காத்து" என்றார்.

கரையிலிருந்த வில்லோ மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.

"ஆமா மேடம், பயங்கரக் காத்து" என்றேன்.

"போன மாசமும் இதே காத்துதான்" என்றாள் நெலிடா.

இயக்குநர் அவளை ஒரு கணம் முறைத்தார். "இருக்கும். காத்துக்காக ஒரு கழகத்தைக் காலி பண்ண முடியுமா? அடுத்த ஞாயிறும் வாங்க" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளைக் காலணி சேறாவதையும் பாராமல் விறுவிறுவென்று போய்விட்டார்.

"பாவம், தண்ணி அனுபவம் போதாது" என்றார் டான் எவாரிஸ்டோ, கப்பலைத் துடைத்தபடி. "மாலுமி மரபு தெரியாதவங்க கையில குடுத்திருக்கவே கூடாது."

நெலிடா மாத்தே குடுவையை என்னிடம் நீட்டினாள்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க வச்சிருக்க?"

"பையில."

"அங்கயே இருக்கட்டும்."