முந்தானை நூல்

தீப்பெட்டியும் கையுமாகச் சேலை எடுக்கப் போகிற பெண்பிள்ளையை எந்தக் கடைக்காரனாவது பார்த்திருப்பானா? நீலாவதி அப்படித்தான் போனாள். அவள் நாத்தனார் தென்றல் வெட்கம் தாங்காமல் நாலடி தள்ளியே நடந்தாள்.

"அண்ணி, மானத்த வாங்காதீங்க. துணிய யாராச்சும் கொளுத்திப் பாத்து வாங்குவாங்களா?"

"நான் வாங்குவேன். வாய மூடிக்கிட்டு வாடீ."

திங்கட்கிழமையிலிருந்து தென்றலுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அடுப்பு வாய்க்கு விறகு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து நீலாவதிக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் அதே அடுப்பு வாயில்தான், அவளோடு வேலை பார்த்த வீரம்மாள் வெந்து போனாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பூப்போட்ட நைலக்ஸ் சேலை. விழுந்தது ஒரே ஒரு பொறி. சேலை எரியவில்லை, உருகியது. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற நீலாவதி பிடித்து இழுத்தாள். ஐயோ, வந்தது சேலை மட்டுமில்லை. அதோடு வேலையை விட்டவள், சூளைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நைலான் உருகின அந்த நாற்றம் மட்டும் அவளை விட்டபாடில்லை.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "ஊருல எல்லாந்தான் போவுது" என்று அவள் புருஷன் கலியமூர்த்தி ஒரே பேச்சில் முடித்துவிட்டான். சரி, போகிறவளைத் தடுக்க முடியவில்லை. அவள் உடம்பில் கிடக்கிற துணியாவது நெருப்போடு கூட்டுச் சேராமல் இருக்கட்டும் என்றுதான் இந்தத் தீப்பெட்டி.

கல்யாண மண்டபத்தில் துணிக் கண்காட்சி போட்டிருந்தார்கள். வாசலில் பேனர்: 'சுற்றுச்சூழலைக் காக்கும் ஆடைகள். சுத்தப் பருத்தி. இலைச் சாயம், பட்டைச் சாயம். மண்ணில் போட்டால் மண்ணாகும்.' ஜிப்பா போட்ட வியாபாரி வாயெல்லாம் பல்லாக வரவேற்றான்.

"ஆத்துக்கும் கேடில்ல, ஆடுமாட்டுக்கும் கேடில்லம்மா. நைலான் துணி மண்ணுல அப்படியே கெடக்கும். இது மக்கிடும்."

"மக்குறது இருக்கட்டுங்க. நெருப்புல உருகாதே?"

"நீங்களே பாருங்களேன்!"

காவிச் சிவப்பில் ஒரு சேலையைப் பிரித்து, முந்தானை ஓரத்தில் தொங்கிய நூல்களை அவனே நீட்டினான். நீலாவதி இரண்டை உருவிக் குச்சியைக் கிழித்தாள். காகிதம் எரிகிற வாசம் வந்தது. விரலில் தேய்த்தால் சாம்பல் மாவாக உதிர்ந்தது. நைலான் மாதிரி உருண்டையில்லை, பிசுக்கில்லை. அவளுக்கு உயிர் வந்தது. எடுத்துவிட்டாள்.

தறி ஓடுகிற ஊரில் பிறந்திருந்தால் அந்தச் சேலையை இன்னொரு மாதிரியும் பார்த்திருப்பாள். இவள் சூளை ஊர்க்காரி. நெருப்பைத் தெரியும், தறியைத் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் தென்றல் புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒரு பையும் தூக்குச் சட்டியுமாகக் கிளம்பினாள். "போயிட்டு வரேன் அண்ணி." நீலாவதி வாசலிலேயே நின்று அவள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்தாள்.

அப்புறம் சமையலை முடித்து அடுப்பை அணைத்து, கட்டியிருந்த சேலையையும் துவைத்துப் போட்டாள். அவளுடைய பருத்திச் சேலை இரண்டும் கொடியில் ஈரமாகக் கிடந்தன. அடுப்பு வேலைதான் முடிந்ததே என்று பெட்டியடியில் கிடந்த பழைய நைலக்ஸை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். புதுச் சேலையிலிருந்து வெட்டியெடுத்த ஜாக்கெட் துணியைத் தைக்க உட்கார்ந்தாள். துணி சுருக்கமாக இருந்தது. கரண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி வைத்து அழுத்தினாள்.

துணி சுருண்டது. இழுத்தால் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கூடவே வந்தது அந்த நாற்றம்.

நீலாவதி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வெட்டின ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு நூலை உருவிப் பெட்டியில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. குறுக்குவாக்கில் ஒன்றை உருவி வைத்தாள். சுருங்கிக் குண்டுமணியாகத் திரண்டது. நீள நூல் பருத்தி, குறுக்கு நூல் நைலான்! முந்தானையில் தொங்குகிறதெல்லாம் நீள நூல்தானே. அதைத்தானே அந்தப் பாவி சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினான்!

"அடிப்பாவி நீலாவதி, நீயே ஒங்கையால வாங்கிக் குடுத்து அனுப்பிட்டியேடீ!"

பிளக்கைப் பிடுங்கினாள், கதவைக்கூடச் சாத்தவில்லை, ஓடினாள். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி, பெட்டி பெட்டியாக, அசைந்து அசைந்து போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு வண்டிக்கு மேலே புகை தெரிந்தது. சூளைப் புகையா, வேறு புகையா? கொளஞ்சியப்பா, சாமி, எம்புள்ளையக் காப்பாத்து! பெறாவிட்டால் என்ன, பாவாடை கட்டத் தெரியாத வயசிலிருந்து தலை வாரிவிட்ட கை இதுதானே.

கேட் திறந்ததும் மறுபடி ஓட்டம். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் "யாரும்மா?" என்றதை அவள் காதில் வாங்கவில்லை. சூளை அடுப்பு வாயில் சிவப்பாகத் தீ. அதன் முன்னால் குனிந்து நிற்கிற ஒரு முதுகு.

"தென்றலு! சேலைய அவுத்துப் போடுடீ! அவுத்துப் போடு!"

முதுகு திரும்பியது. தென்றல்தான். அண்ணியைப் பார்த்தவள் முகம் வெளிறிப் போனது.

"அண்ணி, கிட்ட வராதீங்க! கிட்ட வராதீங்க!"

நீலாவதி நிற்கவில்லை. கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது, தென்றல் கட்டியிருப்பது காவிச் சிவப்பு இல்லை. சாயம் போன பழைய நீலப் பருத்தி. அடுப்படிக் கரித்துணிக்கென்று நீலாவதி ஒதுக்கிப் போட்டிருந்த தன் சேலை.

"புதுசு கரியாயிடும்னு மாத்திக்கிட்டேன் அண்ணி! நீங்க கட்டியிருக்கறது என்ன? குனிஞ்சு பாருங்க!"

உள்ளே ஒரு கட்டை வெடித்தது. பொறி பறந்து வந்து நீலாவதியின் கொசுவத்தில் உட்கார்ந்தது. சின்ன ஓட்டைதான். அது அவள் கண்ணெதிரே விரிந்தது. அவளால் கையைக்கூட அசைக்க முடியவில்லை.

தென்றல் பாய்ந்தாள். ஈரச் சாக்கை அண்ணி மேல் போட்டு அமுக்கி, சேலையை ஒரே உருவாக உருவி எறிந்தாள். கணுக்காலில் கையகலத்துக்குத் தோல் போயிருந்தது, அவ்வளவுதான். எறிந்த சேலை தரையில் கறுப்புக் கஞ்சியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள்.

ஆம்பிளைகள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. தென்றல் அவசரமாகத் தன் பையைத் திறந்து, அழகாக மடித்து வைத்திருந்த புதுச் சேலையை எடுத்து உதறினாள்.

"பாவாடையோட ஒக்காந்திருக்கீங்க அண்ணி. ஆளுங்க வராங்க. இத சுத்திக்குங்க."

நீலாவதி வீரிட்டாள். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, ஈரச் சாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சாக்கோடுதான் வீடு வந்து சேர்ந்தாள்.