எந்தப் பாலைமரம்

பாலைப்பழக் காலம் வந்தாலே சுகந்தினிக்குப் பற்றிக்கொண்டு வரும். முள்ளியவளையில் ஒரு வீடு மிச்சமில்லாமல் காட்டுக்குள் போய், வாய் பிசுபிசுக்கத் தின்று, வாளி வாளியாய்க் கொண்டுவந்து, அவளிடமும் ஒரு கிண்ணத்தை நீட்டும். பாலையில் ஏறி விழுந்து செத்தவனின் பெண்சாதிக்குப் பாலைப்பழம்! இந்த ஊருக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா?

ஒரு காலத்தில் காடென்றால் அவளுக்கும் உயிர்தான். புருஷன் நிரஞ்சனோடு மோட்டார் சைக்கிளில் போனால் பொழுதுபட்டுத்தான் திரும்புவாள். அவன் கொப்பில் நின்று உலுப்ப, கீழே சாக்கை விரித்துப் பொறுக்குவாள். மூன்று வருஷத்துக்கு முன் அப்படித்தான் இருவருமாய்ப் போனார்கள்; அவன் விழுந்தான். எழும்பி, அவள் தோளைப் பிடித்தபடி றோட்டு வரைக்கும் நடந்தும் வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனான். அதற்குப் பிறகு அவள் காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. புதுக்குடியிருப்புக்குக்கூடக் காட்டுப்பாதையை விட்டுவிட்டு, சுற்றிப் போகும் பஸ்ஸில் இடிபட்டுத்தான் போவாள்.

ஊரை மன்னிக்கலாம், மாமியார் ஞானேஸ்வரியை முடியாது. பெற்ற பிள்ளையைத் தின்ற காட்டுக்கு அந்த மனிசி வருஷா வருஷம் முதல் ஆளாய் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். கல் நெஞ்சு.

இன்று கூடப்போன பக்கத்து வீட்டு விமலேஸ்வரி தனியாகத் திரும்பி வந்தாள்.

"மாமி எங்க, அக்கா?"

"கூப்பிட்டுக் களைச்சுப்போனன். 'வேலை முடியேல்லை, நீ போ' எண்டுறா. என்ன வேலையோ! இனி ஆனை வாற நேரம்."

சுகந்தினிக்கு வந்த ஆத்திரத்தில் பயம் பின்னுக்குப் போய்விட்டது. சைக்கிளை எடுத்து மிதித்தாள். வழியெல்லாம் மாமியாரைத் திட்டினாள். காட்டு வாசலில் பயம் திரும்பி வந்தது. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

உள்ளே போகிறவர்கள் வாசல் மரத்தில் காவல் வேண்டி ஐயனாருக்கு ஒரு இலைக் குழை முறித்துக் கொழுவுவார்கள். அதோடு சரி. ஆனால் உள்ளே முதல் பாலையிலும் ஒரு குழை தொங்கியது. அடுத்த பாலையிலும். அதற்கடுத்ததிலும். சில காய்ந்திருந்தன, சில இன்று முறித்தவை.

இன்னொரு பாலையின் கீழே, கையில் குழையோடு மாமியார் நின்றார். வாளி வெறுமையாய்க் கிடந்தது.

"உங்களுக்கென்ன விசரே, மாமி? மரத்துக்கு மரம் இதென்ன கூத்து?"

"அவன் எதில இருந்து விழுந்தவன் எண்டு எனக்குத் தெரியாதே, பிள்ளை. எல்லாத்திலயும் கட்டினா அதிலயும் ஒண்டு கட்டினதாப் போகும்."

"என்னட்டக் கேட்டிருக்கலாம்தானே!"

"காடு எண்டு வாயெடுத்தாலே நீ பாயிறாய். எப்பிடிக் கேக்கிறது?"

சுகந்தினிக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கமும் எரிச்சலாகத்தான் வந்தது.

"இது இல்லை. அங்கால. கெதியா வாங்கோ," என்று முன்னால் நடந்தாள்.

அந்த மரம் பழுத்துச் சொரிந்துகொண்டிருந்தது. அவள் கையால் காட்டினாள். மாமியார் குழையைக் கட்டவில்லை. கீழே எறிந்துவிட்டு, மரத்துக்கு ஓங்கி ஓர் அடி கொடுத்தார். பிறகு இன்னொன்று.

"உன்னைத்தான் தேடித் திரிஞ்சனான்!"

கையைப் பிடித்துத் தடுக்கத்தான் சுகந்தினி போனாள். போனவள் தானும் அடித்தாள். கை நோகுமட்டும் இருவரும் அடித்தார்கள். பிறகு அதே மரத்தில் சாய்ந்து நின்று அழுதார்கள்.