திரையில் வந்த வெள்ளம்

ஆடிப் பதினெட்டு அன்று காலை வேளாங்கண்ணி கணினி அறையைத் திறந்தபோது உள்ளே புழுக்கமாக இருந்தது. முந்தின மாலையிலிருந்து தருமபுரியில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததாகவும், மழையில் போன் லைன் முழுக்கச் செத்துவிட்டதாகவும் காவலாளி சொன்னார். வேளாங்கண்ணி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கணினியைப் போட்டாள்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம். அந்த அரசு அலுவலகத்துக்குக் கணினி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மொட்டை மாடியில் ஒரு பெரிய தட்டு ஆண்டெனா இருந்தது. செயற்கைக்கோள் வழியாக வெளியூர்ச் செய்திகள் ஆங்கிலத்தில் அதில் இறங்கும். மழைக்காலத்தில் கர்நாடக அணைகளில் எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான் வரும். அந்தச் செய்திகளைத் திரையில் காட்ட டெர்ம் என்று ஒரு புரோகிராம். கணினியைப் போட்டால் அதுவாகவே ஓட ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் அப்படி அமைத்து வைத்திருந்த சென்னப்பன் பயிற்சிக்காக மெட்ராஸ் போயிருந்தார். ஆபரேட்டரான வேளாங்கண்ணி ஒரு நாளும் அதைக் கையால் கிளப்பியதில்லை.

அன்று அது ஓடவில்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்ப்போய் வந்ததில், தொடக்கக் கட்டளைகள் இருந்த ஃபைல் கெட்டுப் போயிருந்தது.

வேறொரு நாளாக இருந்தால் சென்னப்பன் வரட்டும் என்று விட்டிருப்பாள். அவள் கணவன் சின்னப்பராஜ் பஸ் டிரைவர். விடியற்காலையில் ஒகேனக்கல்லுக்கு ஸ்பெஷல் வண்டி எடுத்துக்கொண்டு போயிருந்தான். அருவி பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்த மகளையும் கூட்டிப் போயிருந்தான். அனுப்பி வைத்தவளும் வேளாங்கண்ணிதான்.

அவள் மேஜைமுன் உட்கார்ந்திருக்கும்போதே ராஜாமணி வந்தார். வெள்ளத் தடுப்பு வேலைகளைப் பார்க்கும் அதிகாரி. சட்டை நனைந்திருந்தது. அதியமான்கோட்டை டீக்கடையில் கர்நாடகத்துக் கொள்ளேகாலிலிருந்து வந்த லாரிக்காரன் ஒருவன், காவிரி அங்கே கரை புரண்டு ஓடுவதாகச் சொன்னானாம். அணையிலிருந்து செய்தி வந்திருக்கிறதா என்று கேட்டார். மிஷின் இன்னும் கிளம்பவில்லை என்றாள் வேளாங்கண்ணி.

“ஆத்துல இன்னைக்கு அவ்ளோ சனம் குளிச்சிக்கிட்டு இருக்கும்மா,” என்றார் ராஜாமணி. “டீக்கடைப் பேச்சை நம்பி எல்லாரையும் மேல ஏத்திட முடியாது. கணக்கு வந்துதுன்னா உடனே வயர்லெஸ்ல சொல்லிடறேன்.”

அவள் தலையாட்டினாள். தன் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், விசைப்பலகை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டெர்ம் என்று தட்டி என்டர் அழுத்தினாள். புரோகிராம் திறந்தது. திரை வெறுமையாக இருந்தது. எத்தனை விசையைத் தட்டினாலும் பதில் இல்லை. வெளியே வந்து, பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டுப் பார்த்தாள். என்னென்ன சொல்லி அதைக் கிளப்பலாம் என்று புரோகிராமே காட்டியது. எந்தப் போர்ட், என்ன வேகம், இன்னும் ஏதேதோ. கணினியின் பின்பக்கம் குனிந்து கேபிளைத் தடவினாள். இரண்டாவது துளையில் செருகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் போர்ட் இரண்டு என்று சேர்த்துத் தட்டினாள்.

இப்போது ஏதோ வந்தது. எல்லாம் கிறுக்கல். ராஜாமணி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார். வேகம் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்து வேகத்தை மாற்றினாள். மறுபடியும் கிறுக்கல். இன்னொரு முறை மாற்றினாள். அவள் விரல்கள் தப்புத்தப்பாய் விழுந்தன. அடித்ததை அழித்து அழித்து அடித்தாள்.

அடுத்த வேகத்தில் எழுத்துகள் தெரிந்தன. பாதிதான். ஒரு எழுத்து சரியாக இருந்தால் பக்கத்து எழுத்து கோணல் குறியாக இருந்தது. இருந்தாலும் காவிரி என்பதை ஊகிக்க முடிந்தது. அவசரம் என்ற வார்த்தையும் அரைகுறையாய்த் தெரிந்தது. அதன் கீழே தண்ணீரின் கணக்கு. புள்ளி புள்ளியாய் நிறைந்த இரண்டு கட்டங்கள், அவற்றுக்குப் பின்னால் நான்கு பூச்சியங்கள்.

“நம்பர் என்னம்மா?”

“தெரியலீங்க சார். ஆனா மொத்தம் ஆறு எழுத்துங்க. கடைசி நாலும் பூச்சியம். முன்னாடி எந்த நம்பரா இருந்தாலும் லட்சத்துக்குக் கொறயாதுங்க.”

ராஜாமணி திரையையே பார்த்தார். எழுத்தே ஒழுங்காக வராதபோது பூச்சியத்தை மட்டும் எப்படி நம்புவது என்றார். தப்பாகிப் போனால், திருவிழாக் கூட்டத்தைக் கலைத்தது யார் என்று தன்னைத்தான் கேட்பார்கள் என்றார்.

“எம் பொண்ணு அங்கதாங்க இருக்குது,” என்றாள் வேளாங்கண்ணி. “ஆனா அதுக்காகச் சொல்லலீங்க சார். தப்பா இருந்தா நான்தான் சொன்னேன்னு எழுதிடுங்க.”

அவர், நீ சரி பண்ணும்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். வயர்லெஸ் அறைக்குப் போகிறாரா, மேலதிகாரியிடம் போகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் திரையை மறுபடி பார்த்தாள். வேகம் சரிதான், இல்லாவிட்டால் பாதி எழுத்துகூட வந்திருக்காது. அப்படியானால் பட்டியலில் மிச்சமிருப்பது பாரிட்டிதான். ஒவ்வொரு எழுத்தின் ஏழு பிட்டோடும் சரிபார்ப்புக்காக எட்டாவதாக ஒட்டி வரும் கூடுதல் பிட் அது என்று சென்னப்பன் ஒருமுறை சொல்லியிருந்தார். புரோகிராம் அதையும் எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. பழைய வரியை அப்படியே தட்டி, கடைசியில் பாரிட்டி இரட்டை, பிட் ஏழு என்று சேர்த்தாள். என்டர் அழுத்தும் முன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். செய்தியை மறுபடி அனுப்பச் சொல்லி ஒரு வரி தட்டினாள்.

தெளிவாக வந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் கன அடி. முந்தின நாளே திறந்துவிட்ட தண்ணீர். இன்று உச்சிப் பொழுதுக்குள் ஒகேனக்கல்லை எட்டும் என்று இருந்தது.

செருப்புக்கூடப் போடாமல் வராந்தாவில் ஓடினாள். வயர்லெஸ் அறையில் ராஜாமணி ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். படித்துறையிலிருந்து எல்லோரையும் மேலே ஏற்றுங்கள், பரிசல் ஒன்றுகூடப் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் எண்ணைச் சொன்னாள். அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு அதை மைக்கில் இரண்டு முறை சொன்னார். அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர்களால் செய்ய ஒன்றுமில்லை. சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. மதியம் கழிந்து வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. சனம் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் படித்துறை முழுகிவிட்டதாம். பொங்கல் வைத்த பானைகள், துணிமணி, கட்டிப் போட்டிருந்த பரிசல்கள் எல்லாம் போய்விட்டன. ஆள் யாரும் போனதாக இதுவரை தெரியவில்லை என்றார்கள். இதுவரை என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அவள் எத்தனையோ வண்டிகளை எட்டி எட்டிப் பார்த்த பிறகு சின்னப்பராஜின் வண்டி வந்தது. மகள் இன்ஜின் பெட்டியின்மேல் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். போலீஸ் மைக்கில் கத்தினதாகவும், வண்டிச் சனத்தைச் சேர்க்கத் தான் ஹாரனை விடாமல் அடித்ததாகவும் சின்னப்பராஜ் சொன்னான். தண்ணீர் வந்த சத்தத்தைச் சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தூக்கிக்கொண்டதும் பிள்ளை விழித்துவிட்டது. “யாரோ எல்லாத்தையும் மேல போகச் சொல்லிட்டாங்கம்மா,” என்று அழுகையோடு புகார் சொன்னது. “என்னைக் குளிக்கவே வுடல.”

வேளாங்கண்ணி அதன் தலையை முகர்ந்தாள். முடி காய்ந்திருந்தது.