ஏழு கிராம்

"மாமா, இந்தக் கம்பு எங்கப்பா தோளுக்கு வலிக்காம இருக்குமா?"

சிறுமி கேட்டபோது தூண்டில் கடை விற்பனையாளர் தலை நிமிரவில்லை. நாளெல்லாம் நின்று கால் வீங்கிப்போயிருந்த சாயங்காலம் அது. "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா" என்று கம்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

சிறுமியின் அப்பா பேருந்து ஓட்டுநர். தோளில் அறுவைச் சிகிச்சை முடிந்து விடுப்பில் இருந்தார். ஏரிக்கரையில் தூண்டில் போட்டால் கை பழகுமே என்று மகளோடு வந்து வாங்கிப்போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவர் தனியாக வந்து கம்பை மேசைமேல் வைத்தார்.

"எடுத்துக்குங்கண்ணே. நமக்கு ஒத்து வரலை. வீசுனா காலடியிலயே விழுது. மீனைக் கரைக்கு வரச்சொல்லிக் கடுதாசி போடுங்க மாமான்னு மச்சான் கிண்டல் பண்றான்."

விற்பனையாளர் சிரித்தார். ஓட்டுநர் சிரிக்கவில்லை.

"டாக்டர் சரியாயிடுச்சுங்கிறார். ஒரு பொம்மை மீனை வீசத் தெம்பில்லாத கை, அம்பது பேரை வச்சுக்கிட்டு ஸ்டீயரிங்கை எப்படிண்ணே திருப்பும்? இனிமே வண்டி வேண்டாம்னு நாளைக்கு டிப்போவுல எழுதிக் கொடுத்துடப் போறேன்."

விற்பனையாளர் கம்பைத் திருப்பிப் பார்த்தார். பிடிக்கு மேலே பொடி எழுத்தில் போட்டிருந்தது: இரையின் எடை அறுபது முதல் நூற்றிருபது கிராம். தூண்டில் நரம்பின் நுனியில் இரையாகத் தொங்கிய பொம்மை மீன் ஏழு கிராம். முதலாளி மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கிப்போட்ட கடல் கம்பு அது. அதைத்தான் முதலில் தள்ளிவிடச் சொல்லியிருந்தார்.

கம்பு வளைந்து நிமிரும்போதுதான் இரை பறக்கும். ஏழு கிராமுக்கு இது உலக்கை மாதிரி விறைத்து நிற்கும். வேலை முழுக்கத் தோள்மேல் விழும். நரம்பும் தடிமனானது. கம்பின் வளையங்களில் உரசி இரையைப் பின்னுக்கு இழுக்கும். இருபது வருஷமாக அவருக்குத் தெரிந்த விஷயம். எங்கே போடப் போகிறீர்கள், என்ன மீனுக்கு என்று அன்றைக்கு இரண்டு வார்த்தை கேட்கச் சோம்பிவிட்டார்.

"குறை உங்க கையில இல்ல தம்பி. கம்புல. பார்க்காம கொடுத்தது நான்."

"ஆறுதலுக்குச் சொல்றீங்க."

காலைப் பேருந்தில் விற்பனையாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற நாட்களில், "அண்ணன் உக்காரட்டும்" என்று சொல்லி, உட்காரும்வரை வண்டியை நகர்த்தாமல் வைத்திருப்பவர் இந்த ஓட்டுநர்தான். எத்தனையோ வருஷமாக. ஒருநாளும் இவர் நன்றி சொன்னதில்லை.

"கொஞ்சம் இருங்க" என்று பின்னறைக்குப் போனார்.

கடையில் மெல்லிய கம்பு ஒன்றும் இருப்பில் இல்லை. பின்னறை ஆணியில் ஒன்று தொங்கியது. அவருடையது. ஓய்வு நாளில் அவருக்கென்று இருந்த ஒரே சுகம். அதன் முன்னால் சற்று நேரம் நின்றார். "கடவுளே, மனசு வரமாட்டேங்குதே" என்று முணுமுணுத்தார். பிறகு, தன் கட்டைவிரல் பதிந்து பள்ளமான பழைய நாடாவைப் பிடியிலிருந்து உரித்துவிட்டுப் புது நாடா சுற்றினார். ரீலில் மெல்லிய நரம்பு ஏற்கெனவே இருந்தது.

கடைக்குப் பின்னால் காலிமனை. பொம்மை மீனின் முள்ளைக் கழற்றிவிட்டு நரம்பில் கட்டினார்.

"பலத்தைக் காட்டாதீங்க. கம்பு பார்த்துக்கும்."

முதல் வீச்சு மேலே போய்ப் பக்கத்திலேயே விழுந்தது. ஓட்டுநர் கம்பைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். விற்பனையாளர் வாங்கவில்லை. இரண்டாவது, மனை முழுவதையும் கடந்து எதிர்ச்சுவரில் 'டக்'கென்று பட்டது.

ஓட்டுநர் தன் தோளைப் பார்த்தார், வேறு யாருடையதோ போல. "வலிக்கலண்ணே" என்றார். அப்புறம் பத்துப் பன்னிரண்டு தடவை வீசினார்.

"புதுசா வந்த கம்பா?"

"உள்ள இருந்துச்சு. உங்களுக்குப் பொருந்துது, எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு டிப்போவுக்கு?"

"போறேன். எந்த ரூட்டுன்னு கேக்க."

அவர் போன பிறகு விற்பனையாளர் பின்னறைக்குத் திரும்பினார். உரித்த நாடாவைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். கடல் கம்பை வெற்று ஆணியில் மாட்டிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டார்.